குரோட்டன்ஸ் குடித்த தண்ணீர்

திருப்பூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மனைவி பத்ருன்னிசாவுக்கு, பசீர் அகமதுவின் ஸலாம். நானும் மகள் ரைசாவும் இறைவன் கிருபையால் நலம். பல்கலைக்கழக வேலையாகப் போன இடத்தில், லண்டன் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அதற்குப் பதிலும் சொல்லி முடித்துவிடுகிறாய். அத்தனை வருடம் வகுப்பெடுத்த வாய் அது. காகிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும். ரைசாவின் தோழி அங்கே படிக்க வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ரைசா பரீட்சையை முடித்துவிட்டாள். நன்றாக எழுதினேன் என்கிறாள், முகம் அப்படிச் சொல்லவில்லை. என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கடையில் எலாஸ்டிக்கும் லேபிளும் பரவாயில்லாமல் போகிறது.

செவ்வாய்க்கிழமை பெருமாநல்லூர் ரோட்டில் உன் கம்பெனிக்கு லேபிள் கொடுக்கப் போனேன். உன் கம்பெனி என்று ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். நீ வந்ததும் கடைசிச் சர்வே எடுத்து, 'ஆரோக்கியமான பணியிடம்' என்று உன் கையெழுத்தில் சான்றிதழ் கொடுக்கப் போகிறாய் அல்லவா, அதே பனியன் கம்பெனிதான். கேட்டுக்குள் இப்போதே பேனர் கட்டிவிட்டார்கள். முதலாளி படத்தைவிட உன் படம் பெரிது.

உள்ளே தையல் லைன் நின்றிருந்தது. மிஷினை நிறுத்துவதென்றால் அவர்களுக்கு உயிர் போகிற காரியம், யாராவது செத்துவிட்டார்களோ என்று பயந்துபோனேன். அதெல்லாம் இல்லை, ஒத்திகை நடக்கிறது. எச்.ஆர். ஆபீசர் குணா மைக்கில் கேள்வி கேட்கிறான், பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறீர்களா? "வேணுங்கறப்பெல்லாம் குடிக்கறமுங்க மேடம்." பாத்ரூம் போக ஏதாவது தடை உண்டா? "இல்லீங்க மேடம்." அந்த மேடம் நீதான். ஒவ்வொருத்தி கையிலும் தண்ணீர் நிறையக் குடிக்க வைக்கும் உன் ஆராய்ச்சித் திட்டத்தில் கொடுத்த நீலப் பாட்டில், விளிம்புவரை தண்ணீரோடு.

குணா என்னைப் பார்த்ததும் கொஞ்சமாவது மறைத்தானா என்றால் இல்லை. ஓடி வந்து, "மேடத்தோட ஊட்டுக்காரருங்களே, எப்படிப் பழக்கி வெச்சிருக்கறோம் பாருங்க, மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்று பல்லைக் காட்டினான். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினால் என்ன கூத்து நடக்குமோ அதுவே உனக்கும் நடக்கிறது. விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டி வைப்பதாக அவன் நினைப்பு. ஆராய்ச்சி என்பது உள்ளதைக் கேட்க வருவது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வரிசையாகக் கேள்வி என்றால் அவர்களுக்கு அது ஆடிட். ஆடிட்டில் வாய் தவறினால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் வேலை போகும்.

ஒத்திகை முடிந்ததும் பாட்டில்களைத் திரும்ப வாங்கினார்கள். தண்ணீரை ஆபீஸ் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளில் கொட்டினார்கள். பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். ஒருத்தியும் ஒரு வாய் குடிக்கவில்லை பத்ரு. செடிகள் மட்டும் தளதளவென்று நிற்கின்றன. உன் ஆராய்ச்சியால் அந்தக் கம்பெனியில் உடம்பு தேறியது அவற்றுக்குத்தான்.

நம் பின்தெரு வேலாத்தாளை எங்கே காணோம் என்று குணாவிடம் கேட்டேன். உன் போஸ்டரில் நீலப் பாட்டிலோடு சிரிக்கிறாளே, அவள்தான். "அந்தப் புள்ளைக்கு ஒடம்பு முடியலீங்க, ஆஸ்பத்திரியில இருக்குது. போஸ்டருக்கு வேற நல்ல முகமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கறோமுங்க" என்றான். கொடுத்த டீயைத் தொடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் போய் அவளைப் பார்த்தேன். சிறுநீரில் தொற்று வந்து கிட்னி வரை ஏறிவிட்டதாம். முகம் வீங்கி, போஸ்டரில் இருப்பவள் இவள்தானா என்று சந்தேகம் வருகிற மாதிரி கிடந்தாள். எப்படியம்மா இப்படி ஆயிற்று என்றேன். "பாத்ரூம் போறதுக்கு லைனுக்கு ஒரே டோக்கன்தானுங்க பாய். போனவ திரும்பி வந்தாத்தான் அடுத்தவ போகோணும். ரெண்டாந்தடவ கேட்டா சூப்பர்வைசர் எல்லாத்து முன்னாலயும் அசிங்கமாப் பேசுவாருங்க. அதுக்குத் தண்ணியே குடிக்காம இருந்துக்கறது" என்றாள். மூத்திரம் போக டோக்கன்! தூ.

கல்யாணமான புதிதில் நீ சாயப்பட்டறைகளில் அலைந்துவிட்டு வருவாய். உன் துணியை மற்ற துணியோடு ஊறவைக்க முடியாது, அப்படி ஒரு ஆசிட் நாற்றம். பட்டறை ஆட்களின் கைப்புண்ணைப் பற்றி நீ எழுதியதற்கு முதலாளிகள் என் கடைக்கு வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். அன்று எனக்குப் பயமாகவும் இருந்தது, நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது. அவிநாசிபாளையத்தில் காசநோய் முகாம் போட்டபோது பஸ்ஸில் நின்றுகொண்டே போவாய். பிறகு பேராசிரியர் ஆனாய், வெல்னஸ் என்ற வார்த்தை வந்தது, கம்பெனி கார் நம் வாசலுக்கு வந்தது. காரில் போவதைத் தப்பென்று சொல்லவில்லை. அவர்கள் நிறுத்துகிற இடத்தில்தான் நீ இறங்குகிறாய் என்று மட்டும் சொல்கிறேன்.

வேலாத்தாள் இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். போன சர்வேயில் நீ அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாயாம். டோக்கனைப் பற்றி அவள் வாயெடுத்தாளாம். அந்த நேரம் குணா பக்கத்தில் வந்து நின்றானாம். "மேடம் எழுதறத நிறுத்திப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க பாய். அவுங்களுக்கு என்ன சங்கடமோ, பாவம்" என்றாள். ஊசி குத்திய கையோடு படுத்துக்கொண்டு அவள் உனக்காகப் பரிந்து பேசுகிறாள்.

நான் அவளிடம், உன்னைக் காப்பாற்றத்தானம்மா மேடம் நிறுத்தியிருப்பாள், குணா இல்லாத இடத்தில் திரும்பக் கேட்க வேண்டும் என்று மனதில் வைத்திருப்பாள், ஊருக்கு வந்ததும் உன்னிடம்தான் முதலில் வருவாள் என்று சொன்னேன். அவள் அப்படியே நம்பிவிட்டாள். "அப்படின்னா என்ர ஊட்டுக்கே வரச் சொல்லுங்க பாய், நம்ம லைன் புள்ளைகளையும் கூட்டி வெக்கறேன்" என்றாள்.

ஆகவே வந்ததும் அந்தக் கழுத்து அட்டையை மாட்டாதே, காரைக் கூப்பிடாதே. என் ஸ்கூட்டரில் ஏறு, அவள் வீட்டுக்குப் போவோம். சான்றிதழில் கையெழுத்துப் போடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். அவர்கள் என் லேபிளை வேண்டாம் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடிதத்தோடு முட்டிக்குத் தைலமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய். குளிர் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், பஸ்ஸில் நின்றுகொண்டு போன காலத்து மனதையும் தரட்டும். வேலாத்தாளிடம் உனக்காக நான் சொன்ன பதில் உண்மைதானா என்று உன்னிடம் கேட்கமாட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே பத்ரு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
பசீர் அகமது