நிறுத்த மறந்த ரெக்கார்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நான் சௌக்கியம். நேற்று பறவைச் சத்தம் பதிவு செய்யப் போன இடத்தில் சேற்றில் வழுக்கி விழுந்தேன். ரெக்கார்டரை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "பறவையக் காணோம், நீங்க ஐயோன்னு கத்துனதுதான் தெளிவா கேக்குது" என்று மேலதிகாரி சிரித்தார். கால் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் கேட்டேன் என்று நம் சமையலறைச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாயே, தினமும் சாப்பிடும்போது அதைப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் குக்கர் அடங்கியதும் ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டாய். அப்பா மாடிப்படி ஏறுவதும் அதில் இருக்கிறது. பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். "இதெல்லாம் அவளுக்கு எழுதிடாத, பயந்துடுவா" என்கிறார். நீயும் "சரிங்க" என்கிறாய்.

அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவர் அடுத்த படியில் கால் வைக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

முதலில் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நீ கால்வலிக்குத் தடவும் தைலம் ஒரு புட்டி எனக்கு அனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. சமையலறைச் சத்தத்தை இன்னொரு முறை பதிவு செய்து அனுப்பம்மா. இந்தத் தடவையும் நிறுத்த மறந்துவிடு.

உன் மகள்