காற்றுக்கு ஒரு வழி, சோற்றுக்கு ஒரு வழி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். எல்லாரும் கடிதத்தில் எழுதுகிற நலம் இல்லை இது, டாக்டர் வாயாலேயே சொன்ன நலம். தொண்டையிலிருந்து வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் ஓரங்களில் கெட்ட செல் ஒன்றுகூட இல்லையாம். கதிர்வீச்சு, அதுதான் கரண்ட் வைப்பது என்கிறார்களே, அதுவும் தேவையில்லையாம். இந்த இரண்டு வரியையும் இன்னொரு முறை படித்துவிட்டு மற்றதைப் படி.

டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். என் குரல்வளையின் உள்தோலைப் பெரிதாக்கி எடுத்த படம். ஒரு பக்கம் நல்ல செல்கள், செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு செல் பிளந்து இரண்டாகுமாம், இரண்டு நாலாகுமாம்; இடம் நிரம்பியதும் தானாக நிறுத்திக்கொள்ளுமாம். நமக்குக் காயம் ஆறுவதே அப்படித்தானாம். என் தொண்டையில் ஒன்று மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் பிளந்துகொண்டே போயிருக்கிறது. ஏலத்தில் மூன்றாம் தரம் சொல்லி முடித்த பிறகும் விலை கேட்டுக்கொண்டே நிற்கிற ஆள் மாதிரியா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கிட்டத்தட்ட என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

நீ லீவு முடிந்து உன் தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது நான் கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டேன். அதனால் எனக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. எனக்கே உன் அண்ணன் சொல்லித்தான் விளங்கியது. அவரைத்தான் தெரியுமே, பிளம்பர் கண்ணுக்கு உலகமே பைப் லைன். தொண்டையில் காற்றுக் குழாய் முன்னால், உணவுக் குழாய் பின்னால். மூக்கில் வருகிற காற்றும் வாயில் போகிற சோறும் ஒரே இடத்தில் சந்தித்து, அங்கிருந்து பிரிய வேண்டும். விழுங்கும்போது காற்றுக் குழாயை மூட ஒரு சின்ன மூடி. "மாப்ள, இந்த லைனைப் போட்டவன் யாரா இருந்தாலும் அவனை நான் வேலைக்கு வச்சுக்க மாட்டேன். காத்து லைனையும் தண்ணி லைனையும் எவனாவது ஒண்ணா கொண்டாந்து சேர்ப்பானா" என்றார். இப்போது டாக்டர் குரல்வளையை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயின் வாயைக் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து தைத்திருக்கிறார். கழுத்தில் இருக்கிற துளை காற்றுக்கு, வாய் சோற்றுக்கு. உன் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இப்பதான் வேலை சுத்தமா இருக்கு என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

வேலை சுத்தம்தான். பழக்கம்தான் போக மாட்டேன் என்கிறது. இருமல் வந்தால் கை தானாக வாயைப் பொத்துகிறது. சளி கழுத்திலிருந்து எதிரில் நிற்பவர் சட்டைக்குப் போகிறது. சூடான டீயை ஊதி ஆற்றப் பார்க்கிறேன், உதடு குவிகிறது, காற்று வருவதில்லை. மூக்கு சும்மா முகத்துக்கு அழகாக இருக்கிறது. அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்த பிறகும் எனக்கு வாசனை தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். காற்றில் தூசியை வடிகட்டி, ஈரமாக்கி, இதமாக்கி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலையாம். இப்போது அந்த வேலையை நீ தைத்து வைத்துவிட்டுப் போன கழுத்துத் துணி பார்க்கிறது. நீல நிறத்தில் காலர் வைத்தது ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டிக்கொண்டு போனால் காய்கறி மண்டியில் எல்லாரும் எங்கே கல்யாணம் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இனிமேல் எனக்குப் புரை ஏறாது. இரண்டு குழாயும் சேராதபோது எப்படி ஏறும்? எனக்குப் புரை ஏறும்போதெல்லாம் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவாய். இனி நீ எவ்வளவு நினைத்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. அதனால் நினைத்தால் எழுதிவிடு.

மண்டி முதலாளி என்னை விட்டுவிடவில்லை. தராசுப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார். காய்கறி ஏலம் விடப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்லவர்தான், ஆனால் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் ஒரே ராகம். நான் ஏலம் கூவிய காலத்தில் கடைசிக் கடையில் தூங்குகிறவன்கூட விலை கேட்பான். வீட்டிலும் அதே குரலில் உப்பு எங்கே என்று கேட்டு உன்னிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது வீடு நீ ஆசைப்பட்டபடி அமைதியாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தபோது நான் வெளியே போயிருக்கிறேன் என்று உன் அண்ணன் சொன்னது பொய். மாடியில்தான் இருந்தேன். நீ பேசப் பேச நான் ஃபோனை விரலால் தட்டிக்கொண்டிருப்பது, ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை என்று, எனக்கு அவமானமாக இருக்கிறது. மெசேஜ் அனுப்பலாமே என்கிறாய். சாப்பிட்டீங்களா என்று நீ கேட்பாய், நான் கட்டைவிரல் பொம்மை அனுப்புவேன். அதெல்லாம் ஒரு பேச்சா?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். குரல்வளை இல்லாமலே பேசலாம் என்கிறார். எப்படி என்று கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். காற்றை உள்ளே தள்ளி ஏப்பமாக வெளியே விட்டு, அந்த ஏப்பத்தில் பேச வேண்டுமாம். நான் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சாப்பிட்ட பிறகு ஒரு ஏப்பம் விட்டாலே முறைக்கிறவள் நீ. ஏலம் விட்ட வாயால் ஏப்பம் விட்டுப் பேச என்னால் ஆகாது. ஊமையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தையல் மிஷினில் உட்காரும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்

* * *

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. உன்னைத் தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள் என்ற சேதி கடைசிப் பக்கத்தில், வேண்டாத விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. முதல் பக்கம் முழுக்க, வேலையை விட்டுவிட்டு வருகிறேன், ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன் என்கிறாய். ஊமையாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நான் எரிச்சலில் எழுதிய ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய பதிலா? எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கத்துகிற ஆள் நான். கத்த முடியாததால் கதவை ஓங்கிச் சாத்தினேன். தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. அதற்கும் உன் அண்ணனிடம் திட்டு வாங்கினேன்.

ஆறிய பிறகு மறுபடி படித்தேன். அந்த வேலைக்கு நீ எவ்வளவு காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? மற்றவர்கள் கோணல்மாணலாகத் தைத்ததையெல்லாம் நீ பிரித்துத் தைத்துக் கொடுத்தாய், பெயர் அவர்களுக்குப் போனது. இப்போதுதான் உன் கை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. என் கழுத்தில் ஒரு ஓட்டை விழுந்ததற்காக நீ அதை விட்டுவிட வேண்டுமா? ஃபோனில் என் சத்தம் கேட்காததால்தான் உனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. என் சத்தத்தை உனக்குக் கேட்கவைக்காமல் நான் பக்கம் பக்கமாக எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த நாளே பயிற்சிக்குப் போனேன். போன தடவை எழுந்து வந்ததைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

குரல் என்பது தொண்டைக்குள் வைத்துவிட்டுப் போன பொருள் இல்லையாம். நுரையீரலிலிருந்து காற்று மேலே வரும்போது குரல்வளையில் இருக்கிற இரண்டு மடிப்புகள் அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் பல்லும் சேர்ந்து பேச்சாக்கும். எனக்குப் போனது அந்த மடிப்புகள்தான்; நாக்கும் உதடும் அப்படியே இருக்கின்றன. பல்லில் இரண்டு ஏற்கெனவே இல்லை, அது வேறு கதை. அதிர்வதற்கு வேறு ஏதாவது கிடைத்தால் போதும். உணவுக் குழாயின் தலைப்பில் தசை வளையம் ஒன்று இருக்கிறதாம். வாயில் இருக்கிற காற்றை அதற்குள் தள்ளித் திருப்பி விட்டால் அது அதிரும்.

சொல்வது சுலபம். நான் தள்ளத் தெரியாமல் காற்றையெல்லாம் வயிற்றுக்குள் விழுங்கிவிட்டு, பலூன் மாதிரி ஊதிப்போய் உட்கார்ந்திருந்தேன். என்னோடு பயிற்சிக்கு வருகிற பஸ் கண்டக்டர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் கரகரவென்று, ஆனால் நன்றாகவே பேசுகிறார். அவருக்கு முதலில் வந்த வார்த்தை டிக்கெட்டாம். அது அவர் தொழிலுக்காக வந்தது என்று நினைத்தேன். இல்லையாம். பயிற்சி அம்மா விளக்கினார்: "சார், நீங்க மல்லுக்கட்டாதீங்க. ப, ட, க மாதிரி அழுத்தமான எழுத்தைச் சொல்ல வாய் மூடுதுல்ல, அப்பவே காத்து தானா பின்னால போயிடும். அப்படி ஆரம்பிக்கிற வார்த்தையாப் பிடிங்க." டப்பா, கப்பு, பட்டாணி என்று ஒரு மளிகைக் கடையையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்.

நான் முதலில் டப்பா சொன்ன கதையைக் கேள். சமையலறையில் தனியாக நின்று முயற்சி செய்துகொண்டிருந்தேன். திடீரென்று வந்துவிட்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுபடி சொன்னேன், மறுபடி வந்தது. அதற்குள் உன் அண்ணன் கையில் ஸ்பிரிங் கம்பியோடு ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டு, தொட்டிக் குழாயைக் குடைய ஆரம்பித்தார். கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு கொப்பளிக்கிறது என்று நினைத்துவிட்டாராம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இன்னொரு டப்பா சொன்னேன். கம்பியைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனுஷன், கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "சத்தம் கேவலமா இருக்கு மாப்ள, ஆனா லைன் ஓப்பன் ஆயிடுச்சு" என்றார்.

மூக்குக்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். உதட்டை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் தாடையை இறக்கினால் கொஞ்சம் காற்று மூக்கு வழியாக உள்ளே வரும், வாசனை தெரியும். வீட்டுக்கு வந்ததும் உன் அலமாரியைத் திறந்து நின்றுகொண்டு அப்படிச் செய்தேன். அந்துருண்டை வாசனைதான் வந்தது. நீ அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருக்கிற அளவுக்கு வேறென்ன வரும்? அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ரொம்ப நேரம் நின்றேன்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். உன்னைக் கூப்பிடப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கல்யாணமானதிலிருந்து உன்னை எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்? ஏய், இந்தா, இங்க பாரு, அவ்வளவுதான். அதில் ஒன்றும் வரவில்லை. அ, இ, ஏ எதுவும் இந்தத் தொண்டைக்கு இன்னும் பிடிபடவில்லை. அழுத்திப் பிடிக்க இடமில்லாததால் காற்று நழுவிவிடுகிறது. ஒரு நாள் முழுக்க ஏய் சொல்லப் பார்த்து மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அந்த அம்மா பார்த்துவிட்டு, வீட்டம்மா பேர் என்ன சார் என்று கேட்டார். சிலேட்டில் எழுதினேன். "அடடே, இவ்வளவு நல்ல பேரை வச்சுக்கிட்டு எதுக்கு ஏய்யோட சண்டை போடறீங்க? ஆரம்பத்துலயும் அழுத்தம், நடுவுலயும் அழுத்தம். இதைச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன் பெயரை நான் கல்யாணப் பத்திரிகையில் படித்திருக்கிறேன், ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. அவ்வளவு பெரிய குரல் இருந்தபோது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாததால் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, உன் பெயரைச் சொன்னேன். முழுசாக வந்தது. அழகான பெயர். இதில் எழுத மாட்டேன், காதால் கேட்டுக்கொள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்யும்போது நான்தான் எடுப்பேன். உன் அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். முதலில் காற்று உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அதற்குப் பிறகு வருவது நான். குரல் பழைய குரல் இல்லை, கேட்க நன்றாக இருக்காது, நீ முறைத்தால்கூட எனக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அதைக் கேட்ட பிறகு ராஜினாமாவை என்ன செய்வது என்று முடிவு செய். பாவம் பார்த்து வருவதாக இருந்தால் வர வேண்டாம். உனக்குக் கிடைத்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். லீவு கிடைக்கும்போது வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டு நீ ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன்? நீண்ட பேச்செல்லாம் வேண்டாம், ஒரு என்னங்க போதும். முதல் தரம் உன் பெயரைச் சொல்வேன். பதில் வராவிட்டால் காற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தரம் சொல்வேன். மூன்றாம் தரம் சொல்ல வைத்துவிடாதே.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்