மச்சானுக்குப் போன ஈரல்

பகுதானிய வருடம், ஐப்பசி 4

மழை. சுருளி மச்சான் ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார். அத்தை செத்துப்போன பிறகு, மலையை விட்டால் அவருக்கு எங்கள் வீடுதான். மேலே மரவள்ளிக் கிழங்கும் கட்டன்காப்பியும்தான் சாப்பாடாம், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. சௌக்கியமா என்று கேட்டார். நான் உரலைப் பார்த்துப் பதில் சொன்னேன். தையில் பரிசம் போடப் போகிறவரிடம் வேறு எப்படிப் பேசுவது?

ஐப்பசி 6, தீபாவளி

மானம் போயிற்று. பொழுது சாய்ந்த நேரம். அய்யா கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொழுவத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எருமை. மச்சான் வந்தார். எருமைக்குக் கும்பிடு போட்டு, "மாமா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். எருமை பதில் சொல்லவில்லை. அய்யாவும் சொல்லவில்லை. திரும்பும்போது மச்சானின் கால் கழுநீர்ப் பானைக்குள்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. "நல்ல நாளும் அதுவுமா ஊத்திக்கிட்டு வந்திருக்கான். குடிகாரப் பயலுக்கு எம் பொண்ணு கெடையாது. கார்த்திகை கழியட்டும், வேற எடம் பாக்குறேன்" என்று அய்யா சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

குடிக்கவில்லை என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்?

ஐப்பசி 9

குடியெல்லாம் இல்லை. கள் வாடை எனக்குத் தெரியாதா? பெரியப்பா தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடுமே. பகலில் மச்சான் ஊசியில் நூல் கோக்கிறார். வெயில் இறங்கினால் சுவரைத் தடவுகிறார்.

இன்று பொழுது மசங்கிய நேரத்தில் வாசற்படியில் போய் நின்றேன். நேராக என்னைப் பார்த்தார் — பார்க்கவில்லை. பயந்துகொண்டே நாக்கைத் துருத்தினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் துருத்தினேன். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு. நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அடுக்களைக்குள் போய் அழுதேன். கண்ணு தெரியலையே அவுகளுக்கு.

ஐப்பசி 10

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா மச்சானைப் பிடித்து விசாரித்தாள். கதவுக்குப் பின்னால் நான்.

"குடிகாரன்னா, கட்டி வச்சா திருந்துவான்னு பொண்ணு குடுப்பாக. குருட்டுப் பயலுக்கு யாரு அத்தை குடுப்பா? மாமா அப்படியே நெனச்சுக்கிரட்டும்."

எவ்வளவு கெட்டிக்காரர்! அய்யா இரண்டு பேருக்குமே கொடுக்க மாட்டார் என்பது மட்டும் தெரியவில்லை.

ஐப்பசி 13

சந்தை நாள். மிஷன் மருந்து வண்டியில் வந்த நர்ஸம்மா சாராளிடம் அவரைக் கூட்டிப்போனோம். இமையைத் தூக்கிப் பார்த்தார். மலையில் என்ன சாப்பிட்டீர் என்று கேட்டார். கேட்டு முடித்ததும், "இது குருடு இல்ல, மாலைக்கண். ஒடம்புல சத்து வத்திப்போச்சு. சாப்பிட்டே சரியாக்கலாம். அப்படியே விட்டா பகல் பார்வையும் போயிரும்" என்றார்.

தினமும் முருங்கைக்கீரை, பப்பாளி. கிடைக்கிறபோதெல்லாம் ஆட்டு ஈரல். ஒரு சின்னப் புட்டியில் மீனெண்ணெயும் கொடுத்தார். அதை முகர்ந்தபோது மச்சானின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

"அய்யாகிட்ட மூச்சு விடாத. மொதல்ல கண்ணு தெளியட்டும்" என்றாள் அம்மா. நான் யாரிடம்தான் மூச்சு விட்டேன்!

ஐப்பசி 15

கீரையைப் பார்த்ததும், "நான் என்ன ஆடா அத்தை, தழையத் திங்க?" என்று ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். சரியென்று கேப்பை மாவில் போட்டுப் பிசைந்து அடை தட்டினேன். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆடுதான்.

ஐப்பசி 21

கறிக்கூறு வந்தது. ஈரல் எப்போதும் அய்யாவுக்குத்தான். தணலில் சுட்டு மிளகு தூவி முதலில் அவர் இலையில் விழ வேண்டும். இன்று அது மச்சானின் சோற்றுக்கு அடியில் போய்விட்டது. அய்யா குழம்பைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இந்த ஆடு ஈரல் இல்லாமயே பொறந்துச்சா?"

"மழக்காலமுல்ல" என்றாள் அம்மா.

மழைக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தமோ. அய்யா தலையாட்டிக்கொண்டார்.

ஐப்பசி 28

இன்றும் ஈரல் இல்லாத ஆடு. கறி போட்ட அம்மாவாசி மாமாதான் ஈரலை ஒளித்துவிட்டார் என்று அய்யா சண்டைக்குக் கிளம்பிவிட்டார். பாவம், நியாயமாகக் கூறு போட்ட மனுஷர். நான் வாசலை மறித்து நின்றேன். நானா? நான்தான்.

"போகாதீக அய்யா. மச்சானுக்கு மாலைக்கண்ணு. ஈரல் அங்கனதான் போச்சு. அவுக குடிக்கல." அவ்வளவுதான் வந்தது.

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. முடிஞ்சுபோச்சு. குடிகாரன்னாவது இருந்திருக்கலாம். கண்ணு தெரியாதுன்னு நானே சொல்லிப்புட்டேன். வாயே தொறக்காதவ தொறந்தது இதுக்குத்தானா?

ஐப்பசி 29

அய்யா இன்றும் தொழுவத்துக் கட்டிலில்தான் படுத்தார்.

கார்த்திகை 5

அய்யாவே போய்க் கறி வாங்கி வந்தார். ஈரலைத் தன் கையால் சுட்டார். கொண்டுபோய் மச்சான் இலையில் வைத்தார்.

"ஏலே சுருளி, முழுசும் தின்னு. கண்ணு தெளிஞ்சா தையில பரிசம். ஆனா ஒண்ணு. இனி எருமைய மாமான்னு கூப்பிட்டேன்னா, தின்ன ஈரலெல்லாம் கக்க வச்சிருவேன்."

மச்சான் தலை நிமிராமல் சாப்பிட்டார். அய்யாவும் கடைசித் துண்டு வரைக்கும் அந்த இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கார்த்திகை 12

மசங்கலில் தெரிகிறதா என்று அம்மா கேட்டால், "கொஞ்சம் கொஞ்சம்" என்கிறார். கழுநீர்ப் பானையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். அது பழக்கமாகவும் இருக்கலாம். நான் வாசற்படியில் நிற்பதை நிறுத்தவில்லை.

கார்த்திகை 21

நாளை தீபம். அகல்களைக் கழுவி முற்றத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக மசங்கிவிட்டது, வீட்டில் இன்னும் விளக்கேற்றவில்லை. மச்சான் தொழுவத்துப் பக்கமிருந்து வந்தார். வழக்கம்போல் நிமிர்ந்து நின்றேன். ஆசை தீரப் பார்த்தேன். வழக்கம்போல் நாக்கைத் துருத்தினேன்.

அவரும் துருத்தினார்.

கையிலிருந்த அகல்களைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். எல்லாம் உடைந்துவிட்டன. "என்னாச்சுடி?" என்று அம்மா கத்துகிறாள். என்னவென்று சொல்ல?

கொஞ்சம் கொஞ்சம் தெரியுதுன்னாரே — அது எந்த நாளிலிருந்து?