அம்மணியின் பெயர்

19-7-1938, செவ்வாய்

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தது முதல் பிள்ளைகளின் பெயர்கள் எனக்கு மனத்தில் நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு பெயரோடும் ஒரு படத்தைச் சேர்த்துக் கற்பனை செய்துகொண்டேன். வேலாயியின் கையில் வேல். தாமரையின் தலையில் பூ. நன்றாகவே பலித்தது. நார்த்தாமலையிலிருந்து நடந்து வரும் அம்மணிக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவளுக்குப் புதிதாகக் கொத்திய, குழி குழியான அம்மியைப் படமாக வைத்துக்கொண்டேன்.

இன்று பெயர் கூப்பிடும்போது "அம்மி" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

மணி அடித்ததும் என் மேஜையருகே வந்தாள்.

"வீட்டுல என்னைய அப்பிடித்தான் கேலி பண்ணுவாங்க. ஒங்களுக்கு யாரு டீச்சர் சொன்னா? எங்க சின்னாத்தா இங்கிட்டு வந்துச்சா?"

"இல்லம்மா, வாய் தவறிருச்சு."

"அப்ப சரிங்க டீச்சர்" என்றாள். அப்படியே நம்பிவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

அவளை வேறு எப்படி நினைவில் வைப்பது என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். அவள் கண்கள் பெரியவையா, சிறியவையா? தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகம்.