சர்க்கரை போடாத காபி

நாக்சோஸ் தீவு,
ஜூன் 2021

அன்புள்ள அம்மாவுக்கு,

வால்போனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கிரீஸ் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது, விடுதி நிரம்பி வழிகிறது. அதனால் சீசன் முடியாமல் நம் அல்பேனியாவுக்கு விடமாட்டேன் என்கிறார் முதலாளி.

நேற்று ஒரு கூத்து. வருடாவருடம் கணவரோடு வரும் ஜெர்மன்காரி ஹன்னலோரேயின் அறையில், பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குத் துண்டு மடித்து வைத்துவிட்டேன்.

"ஒண்ணு போதும்மா. அவரைக் கொரோனா கொண்டுபோயிடுச்சு."

நம் வழக்கப்படி காபி போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து நானும் குடித்தேன்.

அவர் முகம் சுளித்தார். "சர்க்கரை போட மறந்துட்டியா?"

"எங்க ஊர்ல துக்கம் கேக்கப் போனா இப்படித்தான் மேடம் குடிப்போம்."

அவர் சொட்டு விடாமல் குடித்தார். "உன் வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

நம் தெருக்கடைக் காபித்தூள் கொஞ்சம் அனுப்பு. இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை. அப்பாவின் கோப்பையை யாருக்கும் கொடுத்துவிடாதே.

கப்பல் ஊதுகிறது, புது விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். அப்பாவை எடுத்த அன்று எல்லை மூடியிருந்தது. நான் வந்ததும், ஊரார் அன்று உன்னோடு குடித்த காபியை எனக்கும் போட்டுக் கொடு. சர்க்கரை போடாதே.

உன் மகள்,
வால்போனா