அம்மா எதிரே வருகிறாள்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இருந்த நாளில் நிமிர்ந்து நாலு வார்த்தை பேசாதவள், இல்லாதபோது கடிதம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் வராதது எனக்குக் கையில்தான் வருகிறது.

முதலில் நல்ல சேதி. அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது.

நீங்கள் போன மறு வருஷம் அவளுக்குத் தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலம் செங்கல் நிறமானது. சர்க்கரை, கூடவே ரத்தக்கொதிப்பு.

"உங்க அப்பாவும் நெஞ்சுவலியிலதானே போனாரு?" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை மட்டும் போதாதும்மா. நடக்கிற காலு ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை எடுத்துச் செலவு பண்ணிக்கும். கொதிப்பு இறங்கும், நெஞ்சுக்கும் பலம். தினம் காலையில நடக்கச் சொல்லு."

இதை யாராவது நமக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால்? மேரியில், அதுதான் நம்ம நகராட்சி ஆபீசில், பியூனாக இருந்தவரை காரைக்கால் முழுக்க நடந்து தபால் கொடுத்தீர்கள். ஓய்வு பெற்று, நானும் பி.ஏ. முடித்து வேலைக்குப் போனதும், "பட்டதாரியோட அப்பன் நடந்து போறதா?" என்று மார்க்கெட்டுக்குக்கூட ரிக்‌ஷா ஏறினீர்கள். நடப்பது இல்லாதவர்கள் தலையெழுத்து என்றுதானே நினைத்தோம்? எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா நடக்க மறுத்தாள். கால்வலி என்றாள். வேலையில்லாமல் நடந்தால் சிரிப்பார்கள் என்றாள். உண்மைக் காரணத்தை ஒருநாள் அடுப்படியில்தான் சொன்னாள்.

"எல்லாரும் வேலைக்குக் கிளம்புற நேரம். தாலி அறுத்தவ எதிர்ல போயி நிக்கவா? அவங்க காரியம் கெட்டா என் தலையிலதான் விழும்."

பஸ் ஏறுகிறவர்கள் எல்லாம் போய் முடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். அதற்குள் வெயில் ஏறிவிடும்.

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் கூட்டிப் போனேன். வாசல் தாண்டவில்லை, எதிர்வீட்டு ராமலிங்கம் மாமா வேலைக்குப் போகப் பையோடு வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்ததும் நின்றார். வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. முகம் இருண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. நேரே அவர் வாசலில் போய் நின்றேன். "மாமா, அப்பா போனப்புறம் ரெண்டு டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினேன். ரெண்டுக்கும் அம்மா முகத்தைப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன். ரெண்டுலயும் பாஸ். எங்க அம்மா எதிர்ல வந்தா கெட்டது நடக்கும்னு யாரு சொன்னது?"

மாமா பையைக் கீழே வைத்தார். அவர் சம்சாரம் சரோஜா அத்தைதான் உள்ளேயிருந்து வந்தாள். "அட, இந்தப் பொண்ணுக்குப் பேச வருமா? இவருக்கு வேணும். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப பூனை குறுக்க போச்சாம். அன்னிக்குத் திரும்பிப் போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "இருங்க அண்ணி, செருப்பை மாட்டிக்கிட்டு நானும் வர்றேன். நாலு படி ஏறினா எனக்கும் மூச்சு வாங்குது."

எட்டு மாதமாகிறது. கோவில்பத்திலிருந்து கடற்கரைச் சாலை வரை விடியலில் போய்த் திரும்புகிறார்கள். இப்போது நாலு பெண்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் அம்மாவைப் போலவே கணவனை இழந்தவர்கள். எல்லோரும் கிளம்புகிற அதே நேரத்தில், தெருவின் நடுவில், சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்கள். "நடந்தாச்சா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் ராமலிங்கம் மாமா பஸ் ஏறுகிறார்.

போன வாரம் காய்ச்சியபோது நீலம் நீலமாகவே நின்றது. டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்தார். வெளியே வந்து ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். "எதுக்குடி தண்டமா?" என்று அம்மா முன்னால் போய்விட்டாள். மூச்சு வாங்க ஓடியவள் உங்கள் பட்டதாரி மகள்தான்.

எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் அவளை என்னோடு கூட்டிப் போவேன். அவளோடு நடந்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன். சத்தியம்.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் அதைத்தான் தள்ளிப்போட்டேன். நீங்கள் கனவில் வந்து கை நீட்டியதாக அம்மா சில காலைகளில் சொல்கிறாள். சொல்லும்போது வெட்கப்படுகிறாள். உங்களுக்கும் தனிமையாகத்தான் இருக்கும். ஆனாலும் இப்போது கூப்பிடாதீர்கள் அப்பா. இன்னும் கொஞ்ச வருஷம் அவளை எனக்கு விட்டுவையுங்கள்.

உங்கள் ஒரே மகள்,
செல்வி