மூன்றாவது கேசட்

காஜா பெராங், மலாக்கா
25.8.1996

அன்புள்ள அத்தானுக்கு,

கமலவேணி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுத் தொடங்குவது முறை. இந்தத் தடவை முறைக்காகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தைவான் துறைமுக ஏஜெண்டு முகவரிக்கே இதையும் போடுகிறேன். முன்பு எழுதியவை வந்து சேர்ந்தனவா என்றுகூடத் தெரியவில்லை.

புயலுக்குப் பிறகு உங்கள் கப்பலிலிருந்து தகவல் இல்லை என்கிறது கம்பெனி. தேடுவதையும் நிறுத்திவிட்டார்களாம். தகவல் இல்லை என்பது வேறு, ஆள் இல்லை என்பது வேறு என்று நான் சொன்னால், வீட்டில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தெருவில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் தம்பி தியாகுவுக்குப் பத்து பெரெண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் டிவியில் போட்டு ஆடும் அந்த ஆட்டுக்குட்டி விளையாட்டின் ஐந்தாம் பாகக் கேசட்டை வாங்கி வந்தான். இதில் ஆடு பறக்கிறது. பறக்கிற ஆட்டுக்குக் குதிக்க என்ன தலையெழுத்து? நீங்கள் பார்த்தால் ஏசுவீர்கள். உங்களுக்கு எப்போதும் இரண்டாம் பாகம்தான், அந்த மலைக்கோட்டையும் மணிக்கூண்டும். எனக்கு நாலாவது, அதில் இரண்டு ஆடுகள் சேர்ந்து குதிப்பதால். எதைப் போடுவது என்று கல்யாணமான புதிதில் நாம் பேசாமல் இருந்த நாளெல்லாம் உண்டு. மூன்றாவதை மட்டும் இரண்டு பேருமே ஒதுக்கிவிட்டோம். அது முழுக்கக் கடலுக்கு அடியில். "பொழப்பே கடல்ல, லீவுலயும் தண்ணிக்குள்ள குதிக்கணுமா" என்று இரண்டாம் கட்டத்திலேயே நிறுத்தி, பெட்டியில் போட்டுவிட்டீர்கள்.

இனி, உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டியது. ஆடி அமாவாசைக்கு உங்களுக்குப் படையல் போட வேண்டும் என்றார் மாமா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குப் படையலா என்று அழுதேன், கத்தினேன். "எம்புள்ள பசியோட வாசல்ல நிக்கிறான்னா நான் என்னம்மா பண்ணுவேன்" என்று அத்தை உடைந்து போனார். பெற்ற வயிற்றோடு எப்படி வழக்காடுவது?

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து போகட்டும் என்று வெளியே நிற்பது. பிடித்தது இல்லாத இலைக்கு அவர்கள் வருவதில்லை என்பார் அத்தை. அமாவாசையில் நண்டா என்று மாமா முணுமுணுத்தார். அவனுக்கு அதுதானே உயிர் என்று அத்தை வாயை அடைத்தார். விளையாட்டுக் கேசட்டும் ஒன்று வைக்கலாம் என்றான் தியாகு. எது என்று என்னைக் கேட்டார்கள். "எல்லாத்துலயும் ஒரே ஆடுதானே குதிக்குது, ஏதாவது ஒண்ண வையி லா" என்றார் அத்தை.

நான் மூன்றாவதை எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். நண்டையும் நானே சமைக்கிறேன் என்று சொல்லி, நீங்கள் வாயில் வைக்காத தேங்காய்ப் பாலைத் தாராளமாக ஊற்றினேன். வந்துவிடாதீர்கள், வந்துவிடாதீர்கள் என்று கதவுக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டேன். எந்தப் பெண்டாட்டியாவது புருஷனை வராதே என்று வேண்டுவாளா, சொல்லுங்கள்.

கதவைத் திறந்தபோது சோறு அப்படியே இருந்தது, நண்டும் அப்படியே. எனக்கு மூச்சு வந்தது. கேசட்டைக் கையில் எடுத்தேன். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இலையைச் சுற்றி நீர் விளாவியபோது பட்டிருக்கும் என்றார் மாமா. இருக்கலாம். ஆனால் இலை காய்ந்துதான் கிடந்தது. துடைத்த துணியைக் கொடியில் போட்டேன். அது உலர்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

மறுநாள் காலையில், கெட்டுப்போயிற்றா என்று பார்க்க அதை மெஷினில் போட்டேன். உங்கள் பெயரில் சேமித்த ஆட்டம் இரண்டாம் கட்டத்தில்தானே நின்றிருந்தது? இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. கடலின் அடிமட்டம். ஒரே இருட்டு. அதில் ஒரு பாறைமேல் ஆடு தனியாக நிற்கிறது. தொடவே இல்லை என்று தியாகு சாமிமேல் சத்தியம் செய்தான். பழைய கேசட்டில் பேட்டரி தேய்ந்தால் இப்படிக் குழம்பும் என்று சமாதானமும் சொன்னான். சொன்னவன் அதற்குப் பிறகு அந்த டிவி பக்கமே வருவதில்லை.

நான் ஒரு பொத்தானையும் அமுக்கவில்லை. ஆடு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. சும்மா விட்டால் எல்லாப் பாகத்திலும் அது அப்படித்தான் திரும்பும். தெரிந்தும் சட்டென்று டிவியை அணைத்துவிட்டேன். பிடிக்காததை வைத்தால் வரமாட்டீர்கள் என்று நம்பினேனே, அத்தான், எப்போது உங்களுக்கு அது பிடித்துப் போனது? இல்லை, என் கையால் வைத்தேன் என்பதற்காக வந்தீர்களா?

அத்தை என் கழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். தாலியைப் பற்றி ஜாடையாகப் பேச்சும் வந்தாயிற்று. கழற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வீட்டில் யாரிடமும் இந்த உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஏசி எழுதினாலும் சரி, உங்கள் கையெழுத்தாக இருந்தால் போதும். புரட்டாசி அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். பதில் வராவிட்டால், அன்றைக்கு யாரும் சொல்லாமல் நானே இலை போடுகிறேன். தேங்காய்ப் பால் இல்லாத நண்டும், உங்கள் இரண்டாவது கேசட்டும் வைக்கிறேன். ஏமாற்ற மாட்டேன். அதுவரைக்கும் அந்த இருட்டில் இன்னும் ஓர் அடிகூட முன்னே போய்விடாதீர்கள், அத்தான். நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

காளியாத்தா உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
கமலவேணி